சுண்ணாம்பு டப்பியில் ஒரு குமிழ்

ஒரு வானொலிப் பெட்டியைப் பழுது பார்த்து முடித்ததும், உரியவரிடம் கொடுப்பதற்கு முன்னால், நான் கண்ணை மூடிக்கொண்டு அதன் குமிழ்களை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். நீங்கள் மூன்று பேரும் சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். "அப்பா ரேடியோவுக்கு மந்திரம் போடுறாரு" என்பான் பெரியவன். கடைக்குட்டி ஒருநாள் நான் கண்ணை மூடியிருந்தபோது முன்னால் வந்து நின்று நாக்கை நீட்டினாளாம். உங்கள் அம்மா பிறகு சொல்லிச் சிரித்தாள். மந்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருவருக்குக் குமிழ் செய்து கொடுக்கப் போய் நான் தப்புச் செய்தேன். ஒன்றல்ல, இரண்டு. அதிலிருந்து வந்த பழக்கம் இது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பெரியவன் அப்போது கைக்குழந்தை, மற்ற இருவரும் பிறக்கவில்லை. கொடைக்கானல் கடைத்தெருவில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கும் பாய் ஒருவர், தன் கடையின் முன்பக்கத்தில் ஓர் ஓரத்தை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஈயம் பற்றவைக்கிற கோலைச் சூடாக்க ஒரு கரி அடுப்பு. அவ்வளவுதான் என் ரேடியோ கடை. மின்சாரத்தில் சூடாகும் கோல் எல்லாம் பின்னால் வந்தது. அந்தக் கரி அடுப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஏரிக்கு மேல்புறம் சோலைக்காட்டை ஒட்டிய வீட்டில், பட்டாளத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை சார் என்றுதான் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண் நரம்பில் வந்த ஒரு நோயால் ஏழு வருடங்களுக்கு முன் அவருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்கு முன்பே பரீட்சை எழுதி, சர்க்காரிடம் உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வானொலியில் பிற ஊர்க்காரர்களோடு பேசும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஹாம் என்று அவர்களைச் சொல்வார்கள். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. டிரான்ஸீவர் என்று பெயர். பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி, கண் இருந்த காலத்தில் அவரே பூட்டிய பெட்டி அது.

ஒருநாள் அவருடைய மனைவி கடைக்கு வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தலையில் முக்காடு போட்ட கம்பளி, கையில் கூடை. பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தம்பி, அவரு பெட்டியில நம்பர் காட்டுற திருகு இருக்குல்ல, அத அவரு கைக்கே தெரியிற மாதிரி ஆக்க முடியுமா?"

"எதுக்குக்கா? நீங்கதான தினமும் பாத்துச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். சாயங்காலம் ஆறு மணியானா நாற்காலியப் போட்டு உக்காந்து, அம்பது, அம்பத்தி ரெண்டு, அறுபதுன்னு நான்தான் வாசிக்கிறேன். ஏழு வருசமா வாசிக்கிறேன். இப்ப மக கன்னிவாடியில மாசமா இருக்கா. தலப்பிரசவம், இங்கதான் கூட்டியாரணும். மலைப்பாதை வளைவுல பஸ்ஸுல வரக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாந்தான் போய் சம்பந்தி வீட்டுல மூணு மாசம் கெடக்கணும். வெள்ளிக்கிழம வீட்ட விட்டுப் போகக்கூடாது, அடுத்த வார வியாழக்கிழமக் காலையில கெளம்புறேன்."

"சமையலுக்கு?"

"அதுக்கெல்லாம் பக்கத்து வீட்டுல சொல்லியாச்சு. அவரே காப்பி போட்டுக்குவாரு. பெட்டிதான் சோலி. நான் திரும்பி வர்ற வரைக்கும் அத மூடி வச்சிர்றேங்கிறாரு." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவரு மூடுனா திரும்பத் தொறக்க மாட்டாரு தம்பி. எனக்கு அவரத் தெரியும். கண்ணு போனப்ப பொஸ்தகத்தக் கட்டி மேல வச்சாரு. யாராச்சும் வாசிச்சுச் சொல்றேன்னாக்கூட இன்னைக்கு வரைக்கும் எறக்கல."

நான் யோசிக்காமல், "நானே ஆறு மணிக்கு வந்து பாத்துச் சொல்லிட்டுப் போறேனே" என்றேன்.

"அதயும் கேட்டுப் பாத்தேன். ஒரு ஆளு கண்ண விட்டு இன்னொரு ஆளு கண்ணத் தேடவான்னு கேக்குறாரு."

வியாழனுக்கு எட்டு நாள் இருந்தது.

வேலை என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஹாம்காரர்கள் பேசுவதற்கென்று வானத்தில் சர்க்கார் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. டயலில் ஏழாயிரத்திலிருந்து ஏழாயிரத்து நூறு வரை. ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் கப்பல்காரர்களும் சர்க்கார் ஆட்களும் பேசுவார்கள், அந்தப் பக்கம் வெளிநாட்டு நிலையங்கள் பாடும். தெருவுக்குள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வெளியே கால் வைத்துப் பேசினால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

எல்லை எங்கே இருக்கிறது என்று காதால் தெரிந்துகொள்ள சாரிடம் ஒரு வழி இருந்தது. பெட்டிக்குள் ஒரு கிறிஸ்டல் கல் உண்டு. ஒவ்வொரு நூறிலும் அது சரியாக ஒரு விசில் அடிக்கும். குமிழைத் திருப்பிக் கிட்டே போகப் போக விசில் தணிந்து உறுமலாகி, சரியான இடத்தில் சத்தமே இல்லாமல் போய்விடும். தாண்டினால் மறுபடி விசில். அதைவிடத் துல்லியமான அடையாளம் கிடையாது. ஆனால் அது எந்த நூறு என்று விசில் சொல்லாது. ஏழாயிரமும் அப்படித்தான் ஊதும், ஏழாயிரத்து நூறும் அப்படித்தான் ஊதும், அதற்கு அடுத்த நூறும் அப்படித்தான். இரண்டு விசிலுக்கு நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரியாது. அதற்குத்தான் அக்காவின் கண்.

போதாக்குறைக்கு அந்தப் பெட்டியின் குமிழ் ஒரு பெரிய சட்டைப் பொத்தான் அளவுதான். அரைச் சுற்றுக்குள் தெரு முழுவதும் முடிந்துவிடும். விரல் லேசாக நடுங்கினால் நாலு வீடு தள்ளிப் போய் நிற்போம்.

மறுநாளே அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து கடைக்குக் கொண்டுவந்தேன். அரிசி மூட்டை கனம். பழைய குமிழைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தட்டை வெட்டி மாட்டி, பெட்டியின் முகப்பில் அடையாளத்துக்கு ஒரு கம்பி முள்ளும் வைத்தேன். பெட்டியை ஓட விட்டு, கிறிஸ்டல் விசிலை வைத்து ஏழாயிரத்தைப் பிடித்தேன், ஏழாயிரத்து நூறைப் பிடித்தேன், நடுவில் பத்துப் பத்தாகப் பங்கு போட்டு அரத்தால் கோடு அறுத்தேன். என் கை எழுத்துக்கு வராது, ஆனால் பித்தளையில் நன்றாக வரும். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் 0, 10, 20 என்று உளியால் பொடி எழுத்தில் செதுக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன். பாய் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, இதப் போய் ரேடியோவுல மாட்டுறியே, கல்யாணத் தட்டுல வைக்கலாம்லே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அக்கா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"அழகா இருக்கு தம்பி. நம்பரெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு." பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "ஆமா, இந்த நம்பரு யாருக்கு?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. கண் இல்லாதவருக்காகச் செய்த சாமானில் மூன்று நாள் உட்கார்ந்து எண் செதுக்கியிருக்கிறேன். சார் சிரிக்கவில்லை. பித்தளையைத் தடவிப் பார்த்தார்.

"நம்பரு இருந்துட்டுப் போகட்டும் ரேடியோக்காரரே. கோடு கைக்கு ஆப்புடுது. அது போதும். ஆனா சொரசொரன்னு நெறைய இருக்கு. எது கோடு, எது உங்க எழுத்துன்னுதான் எனக்குப் பிடிபடல. சரி, ஓட விடுவோம்."

பெட்டியைப் போட்டார். வால்வு சூடாகும் வரை காத்திருந்து, முதல் கோட்டைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து முள்ளுக்கு நேரே நிறுத்தினார். கிறிஸ்டல் சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லாமல் இருக்க வேண்டிய இடத்தில் விசில் கீச்சென்று ஊதியது. மெள்ளத் திருப்பிக்கொண்டே போனார். விசில் அடங்கியபோது கோடு முள்ளைவிட்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடையில் ஒன்றுக்கு மூன்று தடவை சரி பார்த்தேனே.

"கடையில எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"மதியம் சார்."

"அடுப்பு எரிஞ்சுச்சா?"

எரிந்துகொண்டுதான் இருந்தது. மேசைக்கு ஒரு முழம் தள்ளித்தான் கரி அடுப்பு. மதியத்து வெயிலும் அடுப்பும் சேர்ந்து பெட்டியைக் காய்ச்சியிருந்தன. இங்கே ஜன்னலுக்கு வெளியே சோலையிலிருந்து மஞ்சு இறங்கிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருக்கிற தகடும் கம்பியும் குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும். அதோடு சேர்ந்து எண்ணும் நகரும். சமவெளியில் கடை வைத்திருப்பவன் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். கொடைக்கானலில் மதியம் ஓர் ஊர், ஆறு மணிக்கு வேறு ஊர் என்று தெரிந்தவன், தினமும் நாலு மணிக்கு ஸ்வெட்டர் மாட்டுகிறவன், பெட்டிக்கும் குளிரும் என்று நினைக்கவில்லை.

"ஒங்க கோடு கடைத்தெருவுல நிக்கிது. என் பெட்டி வீட்டுக்கு வந்துருச்சு" என்று சொல்லி சார் இப்போதுதான் சிரித்தார். சிரித்துவிட்டு, "விடுங்க. மூணு மாசம்தான. மூடி வச்சிர்றேன்" என்றார். பித்தளைத் தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். மூடினால் திறக்க மாட்டார் என்று சொன்னேனே என்பது போல ஒரு பார்வை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். பூம்பாறை, கவுஞ்சி பக்கத்து ஆட்கள் உருளைக்கிழங்கும் பூண்டும் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கம்பளி பார்க்க வருவார்கள். பாய்க்குப் பேசி வாய் ஓயாது. கூட்டம் கலைந்ததும் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். நான் கழற்றிக் கொண்டுவந்த பித்தளைத் தட்டை வைத்துக்கொண்டு முழித்தபடி இருந்தேன். கோட்டைக் குளிருக்குத் தகுந்தாற்போல் மாற்றி அறுக்கலாம். ஆனால் எந்தக் குளிருக்கு? தை மாதக் குளிருக்கா, ஆனி மாதத்துக்கா? இன்றைக்கு மஞ்சு, நாளைக்கு மழை. ஒவ்வொரு நாளும் விசில் ஓரிடத்தில் அடங்கும். கோடு அறுத்த இடத்தில் அறுத்ததுதான்.

"ஏலே, என்ன, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றார் பாய்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தன் சுண்ணாம்பு டப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். உருண்டையான பித்தளை டப்பி. எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துத் தட்டையாக்கினால் எப்படி இருக்கும், அந்த அளவு. அடிப்பாகத்தின் மேல் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பாய்க்கு ஒரு பழக்கம். பேசும்போது மூடியைத் திறக்காமல் கட்டைவிரலால் அதைச் சும்மா சுற்றிக்கொண்டே இருப்பார். அடிப்பாகம் உள்ளங்கையில் அசையாமல் இருக்கும், மூடி மட்டும் வழுவழுவென்று சுற்றும். விரலை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாய், அத இப்பிடிக் குடுங்க."

"என்னத்த? வெத்தலையா?"

"டப்பிய."

"சுண்ணாம்பு வேணுமா? நீதான் போட மாட்டியே."

"சுண்ணாம்பு வேணாம். டப்பி வேணும்."

கோடு குமிழில் இருக்கக் கூடாது. குமிழின் மேல் சுற்றுகிற ஒரு மூடியில் இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் விசிலை வைத்து ஏழாயிரத்தைப் பிடித்துக்கொண்டு, அடிப்பாகத்தை அசையாமல் ஒரு கையால் பிடித்து, மூடியை மட்டும் திருப்பி முதல் கோட்டை முள்ளுக்கு நேரே கொண்டுவந்துவிட்டால், அன்றைக்கு என்ன குளிரோ அந்தக் குளிருக்குக் கோடு சரி. நாளைக்கு நாளைக் குளிர். இதை நான் மூச்சு விடாமல் பாய்க்குச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"இது எங்க மாமனார் கல்யாணத்தப்பக் குடுத்தது தெரியுமாலே?"

"தெரியாது பாய்."

"இருவது வருசமா இந்தக் கையில கெடக்கு." மூடியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு அதைத் திறந்து, உள்ளே இருந்த சுண்ணாம்பை விரலால் வழித்து, என் மேசைக்குப் பக்கத்துக் கதவு நிலையில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார். "கொண்டு போ. இனிமே எஞ் சுண்ணாம்பு ஒங் கதவுலதான் இருக்கும். அழிச்சே, தொலச்சுப்புடுவேன்."

அந்த நிலையில் வெள்ளைக் கோடுகள் அப்புறம் வருடக்கணக்கில் இருந்தன. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெயிண்ட் அடிக்க ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று உங்கள் அம்மா சண்டை போட்டது இதற்காகத்தான்.

திங்கட்கிழமை முதல் நான் கடையில் வேலை செய்யவில்லை. சாமான்களை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு நாலரைக்கெல்லாம் சார் வீட்டுக்குப் போய்விடுவேன். பற்றவைக்கும் கோலை மட்டும் அக்காவின் சமையலறை அடுப்பில் சூடாக்கி ஓடிவருவேன். பெட்டி இருக்கும் அறையில் நெருப்பு கிடையாது.

பழைய குமிழுக்குள் இருந்த சின்னப் பித்தளைக் குழாயை எடுத்து டப்பியின் அடியில் துளை போட்டு நிறுத்தி, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினேன். குமிழ் கனமாக இருந்தால்தான் கை நடுக்கத்தை அது வாங்கிக்கொள்ளும். முதல் தடவை குழாய் அரை நூல் சாய்ந்துவிட்டது. திருப்பினால் டப்பி நொண்டி நொண்டிச் சுற்றியது. உருக்கி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். இரண்டாவது தடவை பம்பரம் மாதிரி நின்றது. மூடியின் விளிம்பில் கோட்டுக்குப் பதிலாக ஈயப் பொட்டுகள் வைத்தேன், மிளகு மாதிரி மேலெழும்பி நிற்கும்படி. முதல் பொட்டும் கடைசிப் பொட்டும் பெரிது. நடுப் பொட்டு நீளம், அரிசி மாதிரி. பெட்டியின் முகப்பில் பழைய கம்பி முள்ளை எடுத்துவிட்டு, முனை மழுக்கிய கிராமபோன் ஊசி ஒன்றை முள்ளாக நட்டேன். முதல் விசில் ஏழாயிரம்தான் என்பதில் சந்தேகம் வரக்கூடாது அல்லவா? அதற்காக டப்பியின் அடிப்பாகத்தில் ஓர் ஆணியைச் செருகி, இடது பக்கம் ஏழாயிரத்தை ஒட்டித் தாண்டியதும் அது ஒரு தடையில் இடித்து நிற்கும்படி செய்தேன். இடித்த இடத்திலிருந்து திரும்பி வந்தால் முதலில் கேட்பது ஏழாயிரம்.

ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். கண் திறந்திருக்கும்போது எல்லாப் பொட்டும் வேறு வேறாகத் தெரியும். மூடினால் நாலாவதும் ஐந்தாவதும் ஒன்றாகக் குழம்பும். அப்படிக் குழம்பியவற்றைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

"என்ன ரேடியோக்காரரே, பேச்சக் காணோம். தூங்கிட்டீங்களா?" என்றார் சார்.

"கண்ண மூடிட்டு இருக்கேன் சார்."

"நல்லது. ஆளுக்கு ஆளு துணை."

புதன்கிழமை ஆறு மணிக்கு சார் அதைத் திருப்பினார். அக்கா வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று ஏற்பாடு. தடையில் இடிக்கும் வரை கொண்டுபோய், திரும்பி, விசிலை அடக்கி, இடது கையால் டப்பியைப் பிடித்து, வலது கையால் மூடியைத் திருப்பி, பெரிய பொட்டை முள்ளுக்கு நேரே நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு பொட்டாக எண்ணிப் போனார். "அம்பது" என்றார். அக்கா டயலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு தலையாட்டினால் அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "ஆமா" என்றார்.

வியாழன் காலை அக்கா வெள்ளனே முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாகக் கன்னிவாடிக்குப் போனார். பஸ்ஸில் ஏறும்போது என்னிடம், "இன்னைக்கு ஒருநாள் மட்டும் நீங்க அங்க போகாதீங்க தம்பி" என்றார்.

சாயங்காலம் ஐந்தரைக்கே கடை வானொலியின் முள்ளை அந்த ஏழாயிரத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். சார் தினமும் ஆறு மணிக்குப் பேசுவது ஒரே ஒருவரோடுதான். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர். நம் ஆட்கள்தான், தாத்தா காலத்தில் போனவர்கள். அவரும் மலை, இவரும் மலை. பத்து வருடப் பழக்கம், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பாயும் வெற்றிலையோடு வந்து உட்கார்ந்தார். கதவு நிலையிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டார்.

ஆறு மணிக்குத் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார். இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். வெறும் இரைச்சல்.

"மனுசன் தூங்கிட்டாரோ?" என்றார் பாய்.

ஆறு ஐந்து. ஆறு பத்து. தோட்டத்துக்காரர் கூப்பிட்டபடியே இருந்தார். எனக்கு என்னென்னவோ தோன்றியது. திருகு கழன்றிருக்கும். பொட்டு உதிர்ந்திருக்கும். மூடி நழுவி அவர் எங்கோ கப்பல்காரர்களுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருப்பார், சர்க்கார் ஆள் ஒருவன் எங்கோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பான். எழுந்து செருப்பை மாட்டினேன்.

"எங்கலே போற?"

"போய்ப் பாத்துட்டு வெரசா வந்திர்றேன் பாய்."

"ஒக்காரு."

"பாய், அவரு..."

"ஒக்காருங்கிறேன்ல. நீ போய் அந்த நாக்காலியில ஒக்காந்தா அப்புறம் எதுக்குலே என் டப்பி?"

உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றவில்லை.

ஆறு பதினேழுக்கு இரைச்சல் சட்டென்று அடங்கியது. மிகக் கிட்டத்தில், மேசைக்கு அடியிலிருந்து பேசுவது போல, சாரின் குரல் வந்தது. அழைப்பு எழுத்துகளைச் சொன்னார். பிறகு, "மன்னிக்கணும். லேட்டாயிருச்சு. மூணு தடவ சரி பாத்தேன். ஒரு தடவ பாத்தாப் போதும், எனக்குத்தான் நம்பிக்க வரல. ஓவர்" என்றார்.

நான் டயலைப் பார்த்தேன். தெருவுக்கு நட்டநடுவில், அரிசிப் பொட்டில் நின்றுகொண்டிருந்தார்.

தோட்டத்துக்காரரின் குரல் வந்தது. "கேட்டுச்சு, நல்லா கேட்டுச்சு. சொகமா? பின்னால அக்காவோட சத்தமே காணோமே? தினம் அம்பது, அம்பதுன்னு சொல்லுவாங்களே, அது கேட்டாத்தான் நீங்க வந்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும். மேலுக்கு முடியலியா அவங்களுக்கு?"

"நல்லா இருக்கா. மக வீட்டுக்குப் போயிருக்கா. இன்னைக்கு அம்பதப் பாத்தது நானே."

பிறகு தோட்டத்துக்காரர், "அப்பிடியா?" என்றார். அங்கே மழை என்று பேச ஆரம்பித்தார்.

பாய் எழுந்து போய்த் தெருவோரத்தில் துப்பிவிட்டு வந்தார். "இதுக்கா இத்தன பாடு? மழை பெய்யிதாம்லே அங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ தானே பேசிவிட்டு வந்தது போல இருந்தது.

மூன்று மாதமும் நான் ஒருநாள்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு பொட்டுகள் தேய்ந்தபோது போய்ப் புதிதாக வைத்துக் கொடுத்தேன், அதுவும் மத்தியானத்தில். அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள் என்று செய்தி வந்தது. அக்கா ஊர் திரும்பிவிட்டார் என்பதும் தெரிந்தது. ஒரு வாரமாகியும் கடைப் பக்கம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் பழுது பார்த்த வானொலி ஒன்றை ஒருவர் வீட்டில் கொடுத்துவிட்டு ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். தண்ணீரை ஒட்டிய சாலையில் அக்கா தனியாக நடந்து வந்தார். தலையில் அதே கம்பளி. கையில் கூடை இல்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு ஐந்து.

"என்னக்கா, சார் பெட்டியப் போடலியா?"

"போட்டிருக்காரே. பேசிக்கிட்டிருக்காரு."

"அப்ப நீங்க இங்க..."

"வந்த அன்னைக்கு நாக்காலியப் போட்டு ஒக்காந்தேன் தம்பி. பழக்கம். அவரு பாட்டுக்கு விசிலப் பிடிச்சாரு, டப்பியத் திருப்பினாரு, பேச ஆரம்பிச்சிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, நீ இன்னும் இங்கயா ஒக்காந்திருக்கன்னு கேட்டாரு." அக்கா சிரித்தார். "மொதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு. பொய் சொல்லல. அப்புறம் செருப்பப் போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

ஏரியின் மேல் மஞ்சு பாதி தூரம் வந்திருந்தது. அக்கரை விளக்குகள் ஒன்றிரண்டு எரிய ஆரம்பித்திருந்தன. தண்ணீர் ஈய நிறமாக, அசையாமல் கிடந்தது. அக்கா அதையே பார்த்தார்.

"ஏழு வருசமா இந்த ஊர்ல இருக்கேன். ஆறு மணிக்கு ஏரி எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததில்ல தம்பி."

அப்படிச் சொல்லிவிட்டுக் கம்பளியைக் காதோரம் இழுத்து விட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஏரியைச் சுற்றிப் போகிற பாதையிலேயே மேலும் நடந்து போனார்.